இனிக் கிடைக்காதவையும் இன்னும் கிடைக்கக்கூடியவையும்: ஏல மலைச் சரிவிலிருந்து ஒரு கணக்கு

மூத்தவர் ஒருவர் மவுத்தாகிச் சில வாரங்கள் கழித்து, அவர் புழங்கிய அலமாரியைத் திறந்து ஒழுங்குபடுத்துவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பட்டா, பத்திரம், மூக்குக் கண்ணாடி, தஸ்பீஹ் மணி, மருந்துச் சீட்டு எல்லாம் வெளியே வரும். அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். திறந்தால் பத்துப் பன்னிரண்டு ஆடியோ கேசட்டுகள். ஒன்றிரண்டின் மேல் ஏதோ எழுதியிருக்கும், மற்றவற்றின் மேல் ஒன்றும் இருக்காது. போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டர் இருக்காது. "எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு கேள்வி எழும். மறுநாள் காயலான் கடைக்காரரின் சாக்கில் டப்பா போய்ச் சேரும்.

அந்த டப்பாவில் என்ன இருந்தது என்பது அதன்பின் யாருக்கும் தெரியப் போவதில்லை.

போடிநாயக்கனூரிலும், மேலே போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என்று நீளும் ஏலத் தோட்டங்களிலும் பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பகை உண்டு. அது ஈரம். ஏலக்காயைப் பறித்து அப்படியே சாக்கில் கட்டினால் என்ன ஆகும் என்று மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பச்சைக் காயில் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஸ்டோரில் சூடு கொடுத்து, ஈரப்பதம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கும்வரை காய வைத்தால்தான் நிறமும் நிற்கும், பூசணமும் பிடிக்காது. காய்க்கு இவ்வளவு பார்க்கும் நாம், அதே வீட்டின் அலமாரியில் கிடக்கும் காகிதத்துக்கும் ஒலிநாடாவுக்கும் ஒன்றும் பார்ப்பதில்லை. ஆனி, ஆடிச் சாரல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தொலைந்துபோன ஏடு, இதழ், படம், ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எங்கோ ஒரு பெட்டியில் கிடந்து நாளைக்குக் கிடைத்துவிடக் கூடியவையும் உண்டு, எவ்வளவு தேடினாலும் கிடைக்கப் போவதில்லை என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டவையும் உண்டு. இரண்டாம் வகையைப் பற்றியே அதிகம் பேசப் போகிறோம். அவை எப்படிப் போயின என்று தெரிந்தால்தான் முதல் வகையில் மிச்சமிருப்பது புரியும்.

எட்டுப் பாட்டோடு நிற்கும் ஒரு நூல்

தமிழில் முஸ்லிம்களைப் பற்றிய இலக்கியம் என்று தேடிப் போனால் முதலில் தட்டுப்படும் பெயர் பல்சந்தமாலை. பாடியவர் யார் என்று தெரியாது. காலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நூலே இன்று இல்லை. களவியற்காரிகை என்ற அகப்பொருள் இலக்கண நூலின் உரையில், எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட எட்டுச் செய்யுள்கள் மட்டும் மிஞ்சின. எஸ். வையாபுரிப் பிள்ளை 1931-இல் அந்த உரையைப் பதிப்பித்தபோது இப்படி ஒரு நூல் இருந்ததே வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அந்த எட்டுக்குள்ளேயே வகுதாபுரி வருகிறது, அஞ்சுவண்ணம் வருகிறது, சோனகர் வருகிறார்கள், அல்லா என்ற சொல் வருகிறது. கடற்கரைப் பட்டினங்களில் வணிகம் செய்த நம் முன்னோர் தமிழ்ப் புலவர் ஒருவரின் பாட்டுக்குப் பொருளாகும் அளவுக்கு ஊரோடு கலந்திருந்தார்கள் என்பதற்கு இதுவே பழைய சான்று.

மற்ற செய்யுள்கள் எத்தனை? நூறா, இருநூறா? அவற்றில் எந்த ஊர், எந்தத் தலைவர், எந்தப் பள்ளி பாடப்பட்டது? இனித் தெரிய வழியில்லை என்றே நினைக்கிறோம். முழு நூலாக நம் கைக்கு வந்திருப்பவற்றில் மூத்தது வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா, 1572. அதற்கு முந்தைய தமிழ் முஸ்லிம் இலக்கியத்துக்கு நமக்கு இருக்கும் கண் இந்த எட்டுச் செய்யுள்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த எட்டும் எப்படிப் பிழைத்தன என்பது. யாரும் பல்சந்தமாலையைப் பாதுகாக்கவில்லை. உரையாசிரியர் ஒருவர் தம் இலக்கணத்துக்கு உதாரணம் தேவைப்பட்டு எடுத்தெழுதினார், அவ்வளவுதான். தமிழில் இப்படிப் பெயரும் சில வரிகளும் மட்டும் எஞ்சிய நூல்கள் ஏராளம். மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று அவற்றைத் தேடித் தொகுத்துத் தனிப் புத்தகமே எழுதினார்.

இஸ்லாமிய உலகம் முழுக்க இதே கதைதான். குர்துபாவின் பகீ இப்னு மக்லத் (ரஹ்) தொகுத்த முஸ்னத், ஹதீஸ் தொகுப்புகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று பிற்கால அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறுக்கும் அதிகமான ஸஹாபாக்களின் அறிவிப்புகள் அதில் இருந்தன என்பார்கள். அந்தக் கிதாப் இன்று இல்லை. பக்தாதில் புத்தக வியாபாரியாக இருந்த இப்னு நதீம் 10-ஆம் நூற்றாண்டில் ஃபிஹ்ரிஸ்த் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்தார். அதில் வரும் ஆயிரக்கணக்கான நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது பெயர் மட்டுமே மிச்சம்.

இந்தப் பயம் நம் மார்க்கத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானதும், குர்ஆன் மனிதர்களின் நெஞ்சில் மட்டும் இருப்பது போதாது என்று உமர் (ரலி) அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வற்புறுத்தினார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பேரீச்ச மட்டையிலும் கல்லிலும் எழுதப்பட்டிருந்தவற்றைத் தேடியும், மனனம் செய்தவர்களிடம் கேட்டும் ஒன்று சேர்த்தார்கள். மனனமும் எழுத்தும் ஒன்றையொன்று சரிபார்த்தன.

மரியாதையால் மறைந்த ஏடுகள்

நம் சமுதாயத்துக்கே உரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி வெளியார் எழுதுவதில்லை, நாமும் பேசுவதில்லை.

அரபுத்தமிழ் என்ற அர்வி, அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறை. அரபின் 28 எழுத்தோடு தமிழுக்கென்று புள்ளியும் குறியும் மாற்றிச் சேர்த்து 40 எழுத்துகள். மார்க்கச் சட்டம், தஃப்ஸீர், மாலை, முனாஜாத், மருத்துவம், கடிதம், கணக்கு என்று எல்லாமே அதில் எழுதப்பட்டன. காயல்பட்டினத்தில் 1816-இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் வபாத்தான இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றவர்கள் அதில் பெரும் நூல்களைப் படைத்தார்கள். கடற்கரையில் மட்டும் இல்லை, உள்நாட்டு ஊர்களிலும் ஓதவும் எழுதவும் தெரிந்த பெண்களுக்கு அர்விதான் கைப்பழக்கம். தமிழ் எழுத்து தெரியாத நன்னி, அர்வியில் கடிதம் எழுதி இருப்பார்.

20-ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடமும் தமிழ் அச்சும் பரவின. இரண்டு தலைமுறையில் அர்வி படிக்கத் தெரிந்தவர்கள் அருகிப் போனார்கள். அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். வீட்டுப் பரணில் கரையான் அரித்த ஒரு கட்டுக் காகிதம் கிடைக்கிறது. அரபு எழுத்தாக இருக்கிறது. அதில் அல்லாஹ்வின் திருநாமம் இருக்கலாம், ஆயத்து இருக்கலாம், காலில் மிதிபடக் கூடாது. பழைய முஸ்ஹஃப் கிழிந்துபோனால் என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்கிறார்கள். கண்ணியமாக மண்ணில் புதைக்கிறார்கள், அல்லது ஓடும் தண்ணீரில் விடுகிறார்கள். அது யாசீன் ஏடா, பாட்டனார் எழுதிய வைத்தியக் குறிப்பா, பினாங்கிலிருந்து வந்த கடிதமா என்று பிரித்துப் பார்க்க ஆளில்லை.

இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நல்ல நிய்யத்தில் செய்த காரியம். ஆனால் போனது போனதுதான். கடலோரத்தில் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் செய்த அழிவில் அர்வி நூல்கள் பல போயின என்று தைக்கா ஷுஐப் ஆலிம் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த அழிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்குக் கோபம் வருகிறது. நம் கையால் வைகையிலும் பெரியாற்றிலும் கொட்டகுடி ஆற்றிலும் விட்டவற்றைக் கணக்கெடுத்தால் என்ன வருமோ தெரியாது.

புகைப்படத்திலும் இப்படி ஒன்று உண்டு. உருவப்படம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, அதற்குள் நாம் போகவில்லை. பேணுதலாக இருந்த பெரியவர்கள் பலர் படம் எடுக்கவே சம்மதிக்கவில்லை. ஹஜ் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த ஒரே படம்தான் சிலருக்கு மிச்சம். அந்தப் படம் இல்லையென்றால் அவர்கள் முகம் இனி எங்கேயும் கிடைக்காது. இது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. இதை இழப்புக் கணக்கில் சேர்ப்பது முறையல்ல என்பது எங்கள் கருத்து.

இதழ்கள்

முஸ்லிம்கள் நடத்திய தமிழ் இதழ்களின் கதை சுருக்கமானது, கசப்பானது. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887-இல் தொடங்கிய சிங்கை நேசன் இதழ்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அதற்கு முன் வந்த சிங்கை வர்த்தமானி பெயரளவில்தான் பேசப்படுகிறது. கண்டியில் சித்திலெவ்வை 1882-இல் தொடங்கிய முஸ்லிம் நேசனும், அவர் 1885-இல் வெளியிட்ட அசன்பே சரித்திரம் என்ற நாவலும் தமிழ் முஸ்லிம் வரலாற்றில் மைல்கற்கள். நாவல் புத்தகமாக இருந்ததால் பிழைத்தது. வாரத் தாள் அப்படி இல்லை. படித்து முடித்த மறுநாளே அது சாமான் மடிக்கிற தாள். நூறு பேர் வாங்கிய இதழை நூறு பேருமே மடித்துவிட்டால் நூலகத்தில் ஒன்று இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நூலகம் இருந்தும் போனதும் உண்டு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட, எரிந்தன. ஒரே பிரதியாக அங்கே மட்டும் இருந்தவை அன்றோடு முடிந்தன. ஒன்பது ஆண்டு கழித்து, 1990 அக்டோபரில், வடக்கு மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம் நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பணத்துக்கும் நகைக்குமே அனுமதியில்லாதபோது, திருமண ஆல்பத்தையும் பள்ளிவாசல் தப்தரையும் யார் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்? முதல் தீயைப் பற்றி உலகமே எழுதியது. இரண்டாவதில் வீடு வீடாகப் போன காகிதத்தின் பட்டியலை யாரும் போடவில்லை, இனிப் போடவும் முடியாது.

எரியும் படச்சுருள்

சினிமா பற்றி இங்கே எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். தொலைந்த பதிவுகளில் மிகத் துல்லியமாக ஆராயப்பட்டது அந்தத் துறைதான், அதனால் பாடத்துக்காகச் சேர்க்கிறோம்.

இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆரா 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. இந்தியத் திரையில் ஒலித்த முதல் பாட்டு, அல்லாஹ்வின் பெயரால் யாசகம் கேட்கும் ஒரு ஃபகீரின் பாட்டு. பாடி நடித்தவர் வஸீர் முகம்மது கான். இன்று அந்தப் படத்தின் ஒரு அடி நீளச் சுருள்கூட இல்லை. பாடல்கள் இசைத்தட்டாக வராததால் அந்தக் குரலும் இல்லை. நிழற்படங்களும் விளம்பரத் தாள்களும்தான் மிச்சம். 2003-இல் புனேயில் நடந்த தீ விபத்தில் கடைசிப் பிரதி எரிந்துவிட்டது என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. தேசியத் திரைப்படக் காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயரே, காப்பகத்துக்கு அந்தப் படம் வந்ததே இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். காப்பகம் 1964-இல் தொடங்கும்போதே காலம் கடந்திருந்தது.

அதே 1931-இல் அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ், தமிழ் பேசிய முதல் படம், டி. பி. ராஜலட்சுமி நடித்தது. அதுவும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் கீசக வதம், அதுவும் இல்லை. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. தேறியவை முப்பதுக்கும் குறைவு.

காரணம் எளியது. அந்தக் காலச் சுருள் நைட்ரேட்டில் செய்தது, தீப்பற்றினால் தண்ணீரிலும் அணையாது. தீப்பற்றாவிட்டால் சூட்டில் தானே பொடிந்துபோகும். ஓடி முடித்த படத்துக்கு மதிப்பில்லை, ஆனால் சுருளில் இருக்கும் வெள்ளிக்கு மதிப்பு உண்டு. உருக்கி வெள்ளி எடுத்துவிட்டார்கள்.

தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பியது மார்த்தாண்ட வர்மா. அது தப்பிய விதம் வேடிக்கை. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியில்லாமல் படமாக்கிவிட்டார்கள் என்று திருவனந்தபுரத்துப் பதிப்பகம் ஒன்று 1930-களில் வழக்குப் போட்டது. படம் நிறுத்தப்பட்டது, பிரதி பதிப்பகத்தின் கைக்கு வந்தது. ஓடாத படத்தை யாரும் உருக்கவில்லை. புத்தகங்களோடு புத்தகமாகக் கிடந்த அந்தப் பெட்டியை 1974-இல் புனே காப்பகம் வாங்கிக்கொண்டது. வெற்றி பெற்ற படங்கள் எல்லாம் ஓடித் தேய்ந்து அழிந்தன. வழக்கில் தோற்ற படம் பிழைத்தது. பல்சந்தமாலையின் எட்டுப் பாட்டைப் போலவே, இதிலும் காப்பாற்றியது யாருடைய அக்கறையும் இல்லை.

பதிவே ஆகாதவை

மலைக்குத் திரும்புவோம். தொலைந்தவற்றில் ஆக மோசமானது, ஒருபோதும் பதிவாகாதது. தேடுவதற்கே ஒரு பொருள் இருக்காது.

டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி வந்த காலம் ஒன்று இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளமும் 1908-இல் சிற்றகல ரயிலும் ஓடின. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை. நமக்குக் கிடைப்பவை ஒரு சில நிழற்படங்கள். அந்த வழியில் சுமை தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், வழியில் சோற்றுக் கடை வைத்திருந்தவர்கள் என்ன பேசினார்கள், என்ன பாடினார்கள் என்பதற்கு ஒரு வரிச் சான்றும் நம் கையில் இல்லை. போடிக்கு 1928-இல் வந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிவில் நின்றது. அகல ரயில் 2023 ஜூனில்தான் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய ரயிலின் சத்தம் தெரியாது. ஆனால் அது யாராவது ஒருவரின் பழைய செல்போனில் இருக்கலாம். மலை ரயிலின் சத்தம் எந்தப் பெட்டியிலும் இல்லை. முன்னே சொன்ன இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடி. இப்போது வியாபாரிகள் திரைக்கு முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். வாய்விட்டு விலை கேட்ட காலத்தில் அந்தக் கூடத்தில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலித்த கூச்சலுக்கு ஒரு தாளம் இருந்தது. ராவுத்தர் வியாபாரிகளிடையே விலை பேசும்போது கைத்துண்டின் மறைவில் விரல் பிடித்துச் சொல்லும் வழக்கமும் முன்பு சந்தைகளில் இருந்ததுதான். இதைச் செய்தவர்கள் சிலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். கேட்டால் சொல்வார்கள். கேட்பவர்தான் இல்லை.

1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றபோது, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். கூடப் போன தம்பி பின்னாளில் இளையராஜா என்று உலகத்துக்குத் தெரிந்தார். தம்பியின் பாட்டுகள் அனைத்தும் பதிவில் இருக்கின்றன. அண்ணன் அந்த மேடைகளில் பாடியது மலைக் காற்றோடு போனது. 'அன்னக்கிளி' வந்த 1976-க்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

நம் பக்கீர்ஷாக்கள் தாயிரா தட்டி வாசலில் நின்று பாடிய கிஸ்ஸாக்களும் இதே வரிசைதான். வியாழன் மாலையில் வருவார்கள். வீட்டுக்காரர் வசதிக்கும் மனநிலைக்கும் ஏற்ப நீட்டுவார்கள், குறுக்குவார்கள். அச்சில் இருக்கும் நூல் ஒன்று, வாசலில் கேட்டது வேறொன்று. வாசலில் கேட்டது இனி இல்லை.

நாடாவில் இருப்பவை

இப்போது அந்த பிஸ்கட் டப்பாவுக்கு வருவோம்.

1970-களில் வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியபோது போன் கிடையாது. இருந்தாலும் கட்டுப்படியாகாது. கடிதம் போக வர ஒரு மாதம். எழுதத் தெரியாத அம்மாவுக்கு அதுவும் இல்லை. கேசட் வந்ததும் வழி பிறந்தது. பேசிப் பதிவு செய்து, லீவில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். இங்கே வீட்டில் எல்லாரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டு, அதே கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்புவார்கள். அத்தாவின் குரல் ஒரு பக்கம், பிள்ளைகள் சூரா ஓதிக் காட்டுவது மறுபக்கம், பின்னணியில் சேவல் கூவுவது, பள்ளியில் அஸர் பாங்கு.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் புலம்பெயர் வரலாற்றுக்கு இதைவிட உயிருள்ள ஆவணம் வேறு இல்லை. ஆனால் கேசட் விலை அதிகம். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே அடுத்த பேச்சைப் பதிவு செய்தார்கள், அல்லது ஒரு பயானைப் பதிந்துகொண்டார்கள். அடியில் இருந்த குரல் அழிந்தது. காந்த நாடாவில் மேலெழுதியதை மீட்கும் வழி சாதாரண உலகில் கிடையாது.

வீட்டார் மட்டும் இப்படிச் செய்யவில்லை. லண்டன் பி.பி.சி. 1960-களில் எடுத்த புகழ்பெற்ற தொடரான டாக்டர் ஹூவின் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளை உலகமே தேடிக்கொண்டிருக்கிறது. தூர்தர்ஷனிலும் பழைய நாடாவை அழித்துப் புதிய நிகழ்ச்சி பதியும் வழக்கம் இருந்தது. நோன்புக் காலத்தில் தென் மாவட்டங்களில் நாம் விரும்பிக் கேட்ட இலங்கை வானொலி முஸ்லிம் நிகழ்ச்சிகளில் நேரடியாக ஒலிபரப்பானவை அன்றோடு சரி. கேட்டவர் எவராவது வானொலிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்திருந்தால் மட்டுமே உண்டு. பி.பி.சி. தொலைத்த சில பகுதிகளின் ஒலி இன்றும் முழுசாக இருப்பது அப்படித்தான். வீட்டில் தொலைக்காட்சி முன் மைக் வைத்துப் பதிந்த ரசிகர்களிடமிருந்து அது கிடைத்தது.

இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு: மைஸ்பேஸ் நிறுவனம் 2015 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் தன் தளத்தில் ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தில் போய்விட்டன என்று 2019-இல் அறிவித்தது. வாட்ஸ்அப்பில் இருக்கும் உம்மாவின் குரல்பதிவு, போன் மாறும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கையில் இருப்பதற்கு

உலகக் காந்த நாடாக்கள் பெரும்பாலும் 2025-க்குப் பின் கேட்க முடியாமல் போகும் என்று யுனெஸ்கோவும் ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பும் 2019-இல் எச்சரித்தன. நாடா கெடுவது பாதிக் காரணம், போட்டுக் கேட்கும் கருவி இல்லாமல் போவது மறுபாதி. வி.ஹெச்.எஸ். பிளேயர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நம் நிக்காஹ் வீடியோக்கள் எல்லாம் அந்த நாடாவில்தான் இருக்கின்றன.

கேசட் கிடைத்தால் ஆசையில் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடியாகத் தெரிந்தால் பூசணம். அதை ஓட்டினால் நாடா அறுபடும், கருவியும் கெடும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் பூசணம் ஒட்டும். தனியாக உறையிலிட்டு, காய்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சில நாள் வைத்து, இதில் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது. ஏலக்காய் ஸ்டோர்ச் சூட்டில் வைக்கவே கூடாது. பூசணம் இல்லையென்றால் ஒரு தடவை கடைசி வரை முன்னோக்கி ஓட்டி, பின்னோக்கிச் சுற்றி, அதன்பின் போடுங்கள். முதல் தடவை கேட்கும்போதே பதிவும் நடக்கட்டும், இரண்டாம் தடவை கிடைக்காமல் போகலாம். கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. கணினிக்கு ஏற்றும்போது சுருக்காத கோப்பாக வையுங்கள், பகிர்வதற்கு மட்டும் எம்பி3. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கீழே போடியிலோ கம்பத்திலோ உறவினர் வீட்டில் வைக்கலாம்.

பழைய படச்சுருளோ நெகட்டிவோ இருந்து காடி வாடை அடித்தால் அது கெடத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

அரபு எழுத்தில் ஏதாவது காகிதம் கிடைத்தால் புதைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். அர்வி தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டிய பின் முடிவு செய்யலாம். கண்ணியத்துக்கு இதனால் எந்தக் குறையும் வராது. பழைய இதழ்கள், நூல்கள் இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரசின் தமிழ் இணையக் கல்விக் கழகம், இலங்கையின் நூலகம் நிறுவனம் ஆகியவை மின்னுருவாக்கும் பணியைச் செய்து வருகின்றன. ஜமாஅத்துகள் தங்கள் நிக்காஹ், மய்யித்துத் தப்தர்களை இப்படிப் படமெடுத்து வைப்பது ஒரு விடுமுறை நாள் வேலைதான். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் போதும்.

எல்லாக் கேசட்டையும் எல்லாரும் கேட்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவற்றில் குடும்ப வழக்கு இருக்கும், ஒருவரைப் பற்றிய புறம் இருக்கும், திரை பேணிய பெண்களின் குரல் இருக்கும். முதலில் வீட்டுப் பெண்கள் கேட்டு, எது யாருக்கு என்று தீர்மானிப்பது நல்லது. சிலவற்றை வெளியே விடாமல் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். சிலவற்றை அழித்துவிடலாம் என்றும் முடிவு செய்யலாம். தெரிந்து எடுக்கும் முடிவு வேறு, தெரியாமல் சாக்கில் போவது வேறு.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட முடியாது. 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்லி முடிப்பார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவரில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக அந்த ஏற்பாடு. நம் கேசட்டுகளில் யாரும் பெயர் சொல்வதில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும், நான்தான் பேசுறேன்" என்றுதான் தொடங்கும். அந்த "நான்" யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் செய்து, யார் குரல், எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் என்று எழுதி கேசட்டின் மேல் ஒட்டுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், தனித் தாளில் எழுதி ஒட்டுங்கள்.